மின்சார வைத்தியர் கொட்டகை
இன்று என் குழந்தையின் உள்ளங்கையில் பித்தளைக் கிலுகிலுப்பையின் புளித்த வாடை அடித்தபோது முகத்தைத் திருப்பிக்கொண்டேன். நான் சிறுமியாக இருந்தபோது பூந்தமல்லி வாரச் சந்தையில் இருந்த மின்சார வைத்தியர் கொட்டகையின் வாடை அது.

லாடக் காந்தத்தின் முன்னால் கம்பிச் சுருளை அவர் கையால் சுழற்றுவார். சுற்று நின்றால் மின்சாரமும் நிற்கும், வேகம் கூடினால் அதுவும் கூடும். சூம்பிய காலுள்ள என் இரண்டு வயதுத் தங்கைக்கு மின்சாரத்தைத் தனியாகக் கொடுக்காமல், ஒரு பித்தளைப் பிடியை அவளிடமும் இன்னொன்றை என்னிடமும் தந்து, மற்ற கைகளைக் கோத்துக்கொள்ளச் சொல்வார். ஊரார் வியர்வையும் சொறிச் சீழும் பிசுபிசுத்த அந்தப் பிடியைத் தொட அருவருத்து, நான் பாவாடை நுனியைச் சுற்றித்தான் பிடிப்பேன்.

"இன்னா பாப்பா, ஏறுதா?" என்பார் வைத்தியர்.

"சுர்ருனு ஏறுது" என்பேன், ஒன்றும் தெரியாவிட்டாலும்.

"பாத்தியாம்மா? உன் சின்னப்பொண்ணு குதிரையாட்டம் ஓடப்போவுது!"

அம்மா கைகூப்புவாள்.

காய்ந்த துணி மின்சாரத்தைத் தடுக்கும், சுற்று ஓரிடத்தில் அறுந்தால் எங்கேயும் ஓடாது என்று பிறகு பள்ளியில் படித்தேன். ஒரு வாரம்கூட அது தங்கைக்கு ஏறியிருக்காது. ஏறியிருந்தாலும் கால் தேறியிருக்காது என்கிறார் என் கணவர். இருக்கலாம். அம்மாவிடம் இன்னும் சொல்லவில்லை. தங்கை தாங்கித் தாங்கி நடந்து வந்தால், ஏதோ வேலை இருப்பதுபோல் உள்ளே போய்விடுகிறேன்.