என்னங்க என்று கூப்பிட்ட பிள்ளை

பேச்சுச் சிகிச்சை உதவியாளர் ஆவதற்கு நான் முதலில் படித்த பாடம், வாயை மூடிக்கொண்டு இருப்பது. முன்பள்ளியில் பாட்டும் கைதட்டலுமாய்க் கத்திக் கத்தியே காலம் கழித்தவள் நான். இங்கே ஒரு விளையாட்டுச் சாமானைப் பிள்ளைக்குக் காட்டிவிட்டு, அது கையாலோ கண்ணாலோ வாயாலோ ஏதாவது கேட்கும்வரை சும்மா இருக்க வேண்டும். எங்களுக்குப் படிப்பித்த மிஸ் என்னைவிட எவ்வளவோ இளையவர். “அக்கா, நீங்கள் பிள்ளை கதைக்க வேண்டியதையும் சேர்த்துக் கதைக்கிறியள்” என்று எல்லோருக்கும் முன்னால் சொல்லிவிட்டார். எனக்குக் கோபம் மூக்குக்கு மேல் வந்தது. பளையிலிருந்து பஸ்ஸில் நசுங்கிக்கொண்டு கிளிநொச்சிக்கு வந்தது இதைக் கேட்கவா என்று இருந்தது.

கோபம் ஆறினாலும் அந்த மௌனம் எனக்குப் பிடிபடவில்லை. சிகிச்சை அறை முன்பு சாமான் போட்டு வைக்கிற அறையாக இருந்ததாம். வெளிச்சத்தம் வராதபடி யன்னலை அடைத்து, சுவரில் தடித்த துணி அடித்திருந்தார்கள். பட்டப்பகலில் உள்ளே போனாலும் வெளியே றோட்டு இருப்பது தெரியாது. கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தால் காது தன்பாட்டில் எதையோ தேடத் தொடங்கிவிடும்.

அந்த அறைக்குத்தான் ஒரு தகப்பன் தன் மகளைக் கூட்டிக்கொண்டு வந்தார். ஆறு வயதுப் பிள்ளை, மெலிந்த கை, கையில் கோயிலில் கட்டிய கறுப்பு நூல். நான் அலுமாரிக்குள் குனிந்து விளையாட்டுக் கட்டைகள் இருந்த பெட்டியைத் தேடிக்கொண்டிருந்தேன். முதுகுக்குப் பின்னால் ஒரு பெண் சொன்னாள்:

“என்னங்க, மழை வர்ற மாதிரி இருக்கு. கதவச் சாத்துங்க.”

களைத்துப்போன, வளர்ந்த ஒரு பெண்ணின் குரல். திரும்பிப் பார்த்தேன். கதிரையில் தகப்பன், பாயில் பிள்ளை, வேறு யாரும் இல்லை. வெளியே வெயில் கொளுத்திக்கொண்டிருந்தது. தகப்பன் எழும்பிப் போய்க் கதவைச் சாத்திவிட்டு வந்து இருந்தார்.

“இவள் தாய் கதைக்கிற மாதிரிக் கதைக்கிறாள், அக்கா,” என்றார். “அவா காய்ச்சல் வந்து செத்துப் போட்டா. பிள்ளைக்கு அப்ப நாலு வயசு.”

அந்தப் பெண் புளியங்குளத்துப் பக்கம் குடியேறிய மலையகக் குடும்பத்தவள். இவருடைய ஆட்கள் யாழ்ப்பாணத்திலிருந்து வந்து குளத்துக்குக் கீழே வயல் செய்கிறவர்கள். அந்த வீட்டில் ‘என்னங்க’ என்று கூப்பிட்டது அவள் ஒருத்திதான். இப்போது அது பிள்ளையின் வாயிலிருந்து வருகிறது. அயலட்டையில் பேய் என்றார்கள். மந்திரித்துப் பார்வை பார்த்து, நூல் கட்டி, ஒன்றும் சரிவராமல்தான் எங்களிடம் வந்திருந்தார்.

“மகள் தானாய் என்னை ஒருக்காக் கூப்பிட்டால் போதும், அக்கா. வேற ஒண்டும் வேண்டாம்.”

சில பிள்ளைகள் சொல் சொல்லாகப் பழகாது, கேட்ட வசனத்தை இராகத்தோடு முழுசாக எடுத்து வைத்துக்கொள்ளும், தேவை வரும்போது அதையே எடுத்து நீட்டும் என்று மிஸ் விளங்கப்படுத்தினார். பயம் வந்தால் மழை, கதவு. பசி வந்தால் “சாப்பிட வாங்க.” அதைத் தடுக்கக்கூடாது, பதில் சொல்ல வேண்டும். வீட்டிலும் அப்படியே செய்யச் சொல்லித் தகப்பனுக்குச் சொல்லும் வேலை எனக்கு. மற்ற வேலை, கைபேசியில் பதிவு செய்வது. அதைக் கேட்டு எழுதுவது மிஸ். நான் ஒருநாளும் போட்டுக் கேட்டதில்லை. நேரில் கேட்டதே எனக்குக் காணும்.

நாங்கள் சொன்னதை அவர் அளவுக்கு மிஞ்சிச் செய்தார். அடுத்தடுத்த கிழமைகளில் முகம் மழித்து, சேட்டு மினுக்கிப் போட்டுக்கொண்டு வரத் தொடங்கினார். பிள்ளை பின்னால் பாயில் இருக்கும். இவர் சுவரைப் பார்த்துக் கதிரையைப் போட்டு, கண்ணை மூடிக்கொண்டு இருப்பார்.

“என்னங்க.”

“சொல்லும், என்ன?” என்பார். அது பெண்சாதிக்குச் சொல்கிற சொல், அந்தக் குரலும் பெண்சாதிக்கு உரியது. பிறகு வயலுக்குத் தண்ணீர் விட்டதையும், கூரையில் ஓடு மாற்றியதையும் சொல்லுவார். “சாப்பிட வாங்க” என்று பதில் வரும். “இந்தா வாறன்” என்று சிரிப்பார். ஒரு குடும்பத்தின் குசினிக்குள் தெரியாமல் புகுந்துவிட்டவள் மாதிரி நான் நடுவில் இருப்பேன். ஒரு நாள் அவர் கதைத்து முடிய, பக்கத்தில் இருந்த வெறுங்கதிரையை மெதுவாகத் தடவினார். அன்று பஸ்ஸில் வீட்டுக்குப் போகும்வரை யாராவது பின்னுக்கிருந்து கூப்பிட்டுவிடுவார்களோ என்று பயந்துகொண்டே போனேன்.

மிஸ் ஒரு தரம் உள்ளே வந்து பார்த்தார். இனி வசனத்தை உடைக்க வேண்டும் என்றார். ‘சாப்பிட வாங்க’ என்பதை ‘விளையாட வாங்க’ ஆக்கினால் அதிலிருந்து பிள்ளையின் சொந்தப் பேச்சு கிளைக்கும். அதைத் தகப்பனிடம் சொன்னேன்.

அவர் கண்ணைத் திறந்தார். “அவா அப்பிடிச் சொல்லமாட்டா.”

“பிள்ளை சொல்லும், தம்பி.”

“பிள்ளை தன்ரபாட்டில கதைச்சா, இது நிண்டு போயிடும் என்ன?”

அவர் எழும்பிப் பிள்ளையின் செருப்பை எடுத்தார். “நாங்கள் இனி வரேல்லை, அக்கா.”

எனக்குப் பொறுக்கவில்லை. “பிள்ளை உம்மைக் கூப்பிட வேணும் எண்டுதானே கொண்டு வந்தனீர்? இப்ப பிள்ளை எக்கேடு கெட்டாலும் பரவாயில்லையோ?” என்று கேட்டுவிட்டேன். உதவியாளர் அப்படிக் கேட்கக் கூடாது. அவர் கோபிக்கவில்லை. செருப்பைக் கையில் பிடித்தபடி, அந்தக் குரலைத் தன் கைபேசியில் போட்டுத் தருவீர்களா என்று மட்டும் கேட்டார்.

மிஸ்ஸிடம் கேட்டேன். தகப்பன்தானே, கேட்கட்டும் என்றார். பதிவை எடுத்து ஹெட்போனை அவர் காதில் வைத்தேன்.

கொஞ்ச நேரம் கேட்டார். நெற்றி சுருங்கியது. “இது வேற ஆரோ.”

வாங்கிக் கேட்டேன். தடிமன் பிடித்து மூக்கடைத்த, கீச்சென்ற சின்னக் குரல். ‘என்னங்க’ என்றது. ஒரு சின்னப் பிள்ளை. அடுத்த பதிவைப் போட்டேன். அதுவும் பிள்ளை. எல்லாமே பிள்ளைதான். நடுநடுவே தகப்பன் யாருக்கோ பதில் சொல்லிக்கொண்டிருந்தார். அவருக்குப் பெண்சாதியின் குரல் கேட்டதை விளங்கிக்கொள்ளலாம், பழகிய காது. நான் அந்தப் பெண்ணை ஒருநாளும் கண்டதில்லை. அப்படியென்றால் இவ்வளவு நாளும் என் முதுகுக்குப் பின்னால் கதைத்தது யார்?

“எல்லாம் இதுதானோ, அக்கா?”

“ஓம் தம்பி. எல்லாம் மகள்தான்.”

அவர் கதிரையில் இருந்துவிட்டார். “தாய் என்னை அப்பிடித்தான் கூப்பிடுறவா,” என்றார். பிறகு, “பிள்ளைக்கு அதுதான் என்ர பேரோ?” என்று கேட்டார். நானும் அப்போதுதான் அதை நினைத்தேன். மகள் அவரை ஆயிரம் தரம் கூப்பிட்டுவிட்டாள். அவர் ஒவ்வொரு தரமும் வேறு ஒருத்திக்குப் பதில் சொல்லியிருக்கிறார்.

பாயில் இருந்த பிள்ளைக்குக் கட்டைப் பெட்டியின் மூடி திறபடவில்லை. நகத்தால் நோண்டிப் பார்த்துவிட்டு நிமிர்ந்தாள்.

“என்னங்க.”

அவர் கண்ணை மூடவில்லை. கதிரையை மகளின் பக்கம் திருப்பிப் போட்டு, அவளுடைய வாயையே பார்த்தார்.

“என்ன, குஞ்சு?” என்றார்.

பிள்ளை பெட்டியைத் தூக்கிக்கொண்டு வந்து அவர் மடியில் வைத்தாள். “நல்ல வடிவாய்க் கேட்டுது, அக்கா. பிள்ளையின்ர குரல்,” என்று அழுதுகொண்டே மூடியைத் திறந்தார்.

அந்த ‘என்னங்க’ எனக்கு அப்போதும் அந்தக் களைத்த பெண்ணின் குரலாகத்தான் கேட்டது. நான் வாயை மூடிக்கொண்டு இருந்தேன்.