யோகா மிஸ்ஸும் வாயடைத்த கணினியும்

என்னோடு வேலை செய்த யோகா மிஸ் காலமான செய்தி ஞாயிறு காலை எட்டு மணிக்கே அலுவலக வாட்ஸ்அப் குழுவில் வந்திருக்கிறது. நான் பார்த்தது பகல் ஒரு மணிக்கு. காலை வணக்கப் படங்களின் தொல்லை தாங்காமல் அந்தக் குழுவின் சத்தத்தை எப்போதோ அடைத்துவிட்டிருந்தேன். கடுகண்ணாவை வீட்டிலிருந்து விழுந்தடித்துக் கண்டி ஆஸ்பத்திரிக்குப் போனபோது, உடலை அவர் ஊரான பன்விலவுக்குக் கொண்டுபோய்விட்டிருந்தார்கள்.

அவரை அறிந்தவர்களுக்கு என் குணமும் தெரியும். யார் நச்சரித்தாலும் எனக்குப் பிடிக்காது. பிறப்புச் சான்றிதழும் அடையாள அட்டையும் இல்லாத தோட்டத்து மக்களுக்கு விண்ணப்பம் தயாரித்துக் கொடுக்கும் எங்கள் கண்டி அலுவலகத்தில், எனக்கும் அவருக்கும் ஆளுக்கொரு லினக்ஸ் கணினி. வேலைக்கு நடுவே திரையின் மூலையில் “புதுப்பிப்புகள் உள்ளன” என்று ஒரு அறிவிப்பு எட்டிப்பார்க்கும். ஐந்து மணி ரயிலைப் பிடிக்கும் அவசரத்தில் “பிறகு” என்பதையே அழுத்தி வந்தேன். ஒருநாள் எரிச்சலில் எல்லா அறிவிப்புகளையும் நிறுத்திவிட்டேன். நிம்மதியாக இருந்தது.

பக்கத்து மேசை யோகா மிஸ்தான் விடவில்லை. “என் மெஷின் தெனமும் கேக்குது. உங்களுது ஏன் வாயே தொறக்க மாட்டேங்குது?” என்றார். எல்லாம் சரியாக இருப்பதால்தான் என்று கூசாமல் பொய் சொன்னேன்.

ஒரு செவ்வாய்க்கிழமை தெல்தெனியவிலிருந்து கலாவதி என்ற பெண் வந்தார். தாதியர் பயிற்சிக்குத் தெரிவாகியிருந்தார். பெயர்த் திருத்த ஆவணங்களை நான்கு மணிக்குள் ஒப்படைக்காவிட்டால் இடம் போய்விடும். எல்லாம் என் கணினியில் இருந்தன. சாப்பிட்டுவிட்டு வந்து போட்டால் கறுப்புத் திரை, அதில் வெள்ளை எழுத்தில் ஏதோ பிழைச் செய்தி. நிறுத்தித் திரும்பப் போட்டேன். அதே கறுப்பு. கலாவதி சுவர்க் கடிகாரத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.

யோகா மிஸ் என் கதிரையில் உட்கார்ந்தார். கணினி தொடங்கும்போது வரும் பட்டியலை நிறுத்திப் பிடித்து, இயங்குதளத்தின் மையமான கேர்னலில் போன மாதத்துப் பழையதைத் தேர்ந்தெடுத்தார். திரை விழித்தது. முதலில் கலாவதியின் தாள்களை அச்சிட்டார். மூன்று இருபத்தைந்து. அந்தப் பெண் முச்சக்கர வண்டிக்கு ஓடிய பிறகே பழுதைத் தேடினார். தானாக வந்து சேர்ந்த பழைய கேர்னல்களால் கணினியின் வட்டில் இடம் நிரம்பி, கடைசியாக வந்தது பாதியில் நின்றிருந்தது. இடம் போதவில்லை என்று கணினி வாரக்கணக்கில் எச்சரித்திருக்கிறது. அறிவிப்பை நிறுத்தியவன் நான்தான் என்று ஒப்புக்கொண்டேன்.

திட்டுவார் என்று நினைத்தேன்.

“நீங்க நிப்பாட்டினது அறிவிப்பத்தான் சார். கோளாற இல்ல,” என்றார். பழையவற்றை நீக்கி, அறிவிப்பைத் திறந்துவிட்டுத் தன் மேசைக்குப் போனார். அன்று ரயிலை விட்டேன்.

போன வெள்ளிக்கிழமை நெஞ்சு ஒரு மாதிரி இருக்கிறது என்று அரை நாளில் போனார். வாயுவாக இருக்கும் என்று நானே சொன்னேன். ஞாயிறன்று ஆஸ்பத்திரி வாசலில் நின்று குழுவை மேலே தள்ளிப் பார்த்தேன். மரணச் செய்திக்கு மேல், வணக்கப் படங்களுக்கு நடுவே, சனிக்கிழமை அவர் எழுதியது இருந்தது: “வார்ட்ல பின்னேரம் பார்க்க விடுறாங்க. முடிஞ்சவங்க ஒரு தடவ வந்துட்டுப் போங்க.”

மற்றவர்கள் போயிருக்கிறார்கள்.

குழுவின் சத்தத்தை இப்போது திறந்து வைத்திருக்கிறேன். விடிந்ததிலிருந்து வணக்கப் படங்கள் வந்து விழுகின்றன. அவர் எழுதியதைப் பார்க்காமல் விட்ட எனக்கு மிஞ்சியது இந்த இரைச்சல்தான். இனி அடைக்க மாட்டேன்.