முதலாளி பெயரில் ஒரு மாலை

சேலத்தில் ஒரு விளம்பரக் கம்பெனியில் முதலாளிக்கு உதவியாளராக இருக்கிறேன். நகைக்கடைக்கு என்ன வாசகம் எழுதலாம், போர்வெல் போடும் ரிக் வண்டிக் கம்பெனிக்கு என்ன படம் எடுக்கலாம் என்பதைத் தவிர அவர் மண்டையில் எதுவும் நிற்காது. மற்றதையெல்லாம் ஞாபகம் வைத்துக்கொள்ளத்தான் எனக்குச் சம்பளம்.

எங்கள் பக்கம் கல்யாணத்துக்குப் போகாவிட்டால் மன்னித்துவிடுவார்கள். சாவுக்குப் போகாவிட்டால் சாகும்வரை சொல்லிக்காட்டுவார்கள். அதனால் வாடிக்கையாளர் வீட்டில் துக்கம் என்றால், முதலாளி பெயர் போட்ட அட்டையோடு ஆளுயர மாலை போய்விடும். பூக்கடைக்குச் சொல்வதும் அட்டைக்கு நாலு வார்த்தை எழுதிக் கொடுப்பதும் நான்தான். அந்த நாலு வார்த்தைக்காக அவரைக் கூப்பிட்டு அழுதவர்கள் உண்டு.

லாரி ஓட்டிய என் அப்பாவுக்கு இதில் ஏகப் பெருமை. "எம்பொண்ணு இல்லாட்டி அந்த ஆபீசே ஓடாதுங்க" என்று எங்கள் ஊர் வெண்ணந்தூர் முழுக்கச் சொல்லி வைத்திருந்தார். "போன் எடுக்கற வேலைக்கு இத்தன பவுசா" என்பார் சித்தப்பா.

போன ஐப்பசியில் ஒருநாள் விடியும்போது அப்பா போய்விட்டார். முதலாளிக்குச் செய்தி அனுப்பினேன். கைகூப்பும் படம் ஒன்று பதிலாக வந்தது. மதியம் வரை ஆபீசிலிருந்து ஆளும் வரவில்லை, மாலையும் வரவில்லை.

"ஒருத்தரும் வல்லியா சாமி?" என்று சித்தப்பா கேட்டார். கிண்டலாகக் கேட்டிருந்தால்கூடத் தாங்கியிருப்பேன். பரிதாபப்பட்டுக் கேட்டார். அப்பா சொன்னதெல்லாம் சித்தப்பா கண்ணெதிரிலேயே பொய்யாகிக்கொண்டிருந்தது. எனக்கு மானம் போயிற்று. மாலை அனுப்புகிற ஆளே நான்தான், வேறு யாருக்கு அங்கே தோன்றும்?

அப்போது முதலாளி போனில் கூப்பிட்டார்.

"ஏம்மா, நம்ம கோழிப்பண்ணைக்காரரோட அம்மா தவறிட்டாங்களாம். ஒரு மாலைக்குச் சொல்லிரும்மா."

"சரிங்க சார்" என்றேன். பாழாய்ப்போன பழக்கம்.

பூக்கடைக்குப் போன் போட்டேன். கடைக்காரர், "ஒண்ணுதானுங்களே?" என்றார்.

"ரெண்டுங்க" என்று சொல்லி, எங்கள் வீட்டு விலாசத்தையும் கொடுத்தேன்.

"ரெண்டாவதுக்கு என்னங்க எழுதறது?"

யார் யார் வீட்டுப் பெரியவர்களுக்கோ எழுதியவள். என் அப்பாவுக்கு ஒரு வார்த்தை வரவில்லை. முதலாளி பெயர் போட்டு, எப்போதும் எழுதுவதையே எழுதச் சொன்னேன்.

எடுப்பதற்குக் கொஞ்சம் முன்னால் மாலை வந்து சேர்ந்தது. சித்தப்பா அட்டையை எல்லாருக்கும் கேட்கும்படி வாசித்து, தன் கையாலேயே அப்பாவுக்குச் சாத்தினார். "அண்ணன் சொன்னது நெசந்தான்" என்று தேம்பினார். நான் தலையைக் குனிந்துகொண்டேன்.

காரியம் முடிந்து வேலைக்குக் கிளம்பியபோது அம்மா, "அத்தன வேலையிலயும் மறக்காம மாலை அனுப்புன மனுசன். நாங்க நன்றி சொன்னோமுன்னு சொல்லிரு சாமி" என்றாள்.

பெற்றவள் சொல்லைத் தட்ட முடியுமா? போனதும் சொன்னேன்.

"சார், அம்மா உங்களுக்கு நன்றி சொல்லச் சொன்னாங்க."

அவர் கம்ப்யூட்டரிலிருந்து தலையைத் தூக்கினார்.

"எதுக்கும்மா?"

"ஒண்ணுமில்லீங்க சார்" என்று சொல்லி, அன்றைக்கு அவரைப் பார்க்க வருகிறவர்கள் பெயரை ஒவ்வொன்றாகச் சொல்ல ஆரம்பித்தேன்.