கிளுவையைப் பார்த்த கையோடு கிளுவை வறுவல்

பறவை பார்க்கும் சுற்றுலா தொடங்கப் போகிறேன், அதைப் பத்திரிகையில் எழுத வேண்டும் என்று பெரம்பலூர் லாட்ஜ்காரர் ஒருவர் அழைத்தார். இன்று காலை அவருடைய அம்பாசடரில் அரியலூர் பக்கத்து ஏரிக்குப் போனேன்.

வழிகாட்டியாக அவர் பேசி வைத்திருந்தது, ஏரியில் மடை திறக்கும் கலியபெருமாளை. அவர் எங்களை நாணலுக்குப் பின்னால் உட்காரவைத்து, பனிக்காலத்துக்கு வடக்கிலிருந்து வந்திறங்கிய கிளுவை வாத்துக் கூட்டத்தைச் சத்தமில்லாமல் காட்டினார்.

எழுந்து நடக்கும்போது லாட்ஜ்காரர் சொன்னார்: "மத்தியானச் சாப்பாடு இங்கயே கரையில. நாலஞ்சு கிளுவை புடிச்சுக் குடுத்துருங்க, வறுத்துரலாம்."

வேடிக்கை என்று நினைத்துக் கலியபெருமாள் சிரித்தார்.

"நெசமாத்தாங்க. இவ்வளவு கெடக்கு, நாலு போனா தெரியவா போவுது?"

"காலையில காட்டிட்டு மத்தியானம் அறுக்கறதாங்க? ஒரு தடவை வலை விழுந்தா கூட்டமே கெளம்பிரும். அப்புறம் உங்க ஆளுங்களுக்கு நான் எருமையத்தான் காட்டணும்."

"அப்ப வேற ஆளப் பாத்துக்கறேன்."

"பாருங்க. ஆனா வலையோட வந்தா, மடையில நான்தான் நிப்பேன்."

வறுவல் இல்லாமலே திரும்பினோம். காரிலிருந்து இறங்கும்போது லாட்ஜ்காரர், "சாப்பாட்டு விஷயத்த மறக்காம போட்டுடுங்க சார், அதுக்குத்தான் ஆளு வரும்" என்றார்.

மறக்கவில்லை. அதை மட்டும்தான் எழுதி அனுப்பியிருக்கிறேன்.

பறவைப் பிரியர்களில் யாருக்காவது இந்தச் சாப்பாட்டில் ஆசை இருந்தால் ஒரு கார்டு போடுங்கள். அது எப்படித் தொண்டையில் இறங்கும் என்று தெரிந்துகொள்கிறேன்.