விருப்பமா என்று கேட்டார்கள்

மாதத்தின் முதல் திங்கட்கிழமை நான் பட்டறைக்குப் பிந்தித்தான் போவேன். பம்மலில் லேத் பட்டறை. அதற்கு முன் காவல் நிலையத்தில் கையெழுத்துப் போட்டுவிட்டுப் போக வேண்டும். பக்கத்து மெஷினில் நிற்கும் செல்வம் ஒருநாள் பொறுக்க மாட்டாமல் கேட்டான்.

"இன்னா கேஸுணா உன் மேல?"

"கேஸ் ஒன்றும் இல்லை, தம்பி. நான் சிலோன் அகதி."

"கேஸே இல்லாம எவன்ணா மாசாமாசம் கையெழுத்து போடுவான்? சும்மா சொல்லு. அடிதடியா?"

அன்று முழுக்க ஸ்பானரைக்கூட என்னிடம் மரியாதையாக நீட்டினான். அடிதடி என்றே முடிவு கட்டிவிட்டான்.

மன்னாரில் நான் யார் என்று என்னிடம் எவரும் கேட்டதில்லை. சண்டையில் வீடு எரிந்தது. என் பிறப்புப் பத்திரமும் அதோடு போயிற்று. வயிற்றுப் பிள்ளையோடு இருந்த என் மனைவி ஸ்டெல்லாவைப் படகில் ஏற்றிக்கொண்டு வந்தேன். மகள் ஜெனி தாம்பரத்தில் பிறந்தாள். "இதோ வந்துகினே கீறேம்மா" என்று அவள் தெருவிலிருந்து கத்தினால் ஸ்டெல்லா தலையில் அடித்துக்கொள்வாள்.

பிறகு அங்கே சண்டை நிறுத்தம் வந்தது. அதே வருஷம் ஸ்டெல்லாவின் தகப்பனார் பாரிசவாதத்தில் கைகால் விழுந்து படுத்துவிட்டார் என்று செய்தி வந்தது. அவர் கண்மூடுவதற்குள் போய்ப் பார்க்க வேண்டும். மூன்று பேரும் போகலாம் என்றுதான் புறப்பட்டோம். இங்கே பிறந்தாலும் அகதியின் பிள்ளை எங்கள் பிள்ளையல்ல என்றது இந்த நாடு. தாயின் பத்திரம் போதாது, தகப்பன் எங்கள் ஆள் என்பதற்குப் பத்திரம் காட்டு, பிறகு பிள்ளையைச் சேர்க்கிறோம் என்றது அந்த நாடு. தன் பிரஜை யார் என்று தீர்மானிப்பது அந்தந்த நாட்டின் உரிமையாம். எந்தக் குழந்தையும் நாடில்லாமல் இருக்கக் கூடாது என்றும் உலகம் ஒப்புக்கொண்டிருக்கிறதாம். இரண்டும் நியாயம்தான். இரண்டுக்கும் நடுவில் ஜெனி கோடு கிழித்துப் பாண்டி ஆடிக்கொண்டிருந்தாள்.

எனக்கு இருப்புக் கொள்ளவில்லை. கடைசியில், பத்திரம் கிடைக்கும்வரை பிள்ளையும் நானும் இருப்பது, ஸ்டெல்லா மட்டும் போவது என்று முடிவாயிற்று. போனால் அகதியாக மறுபடி இங்கே வர முடியாது. அது தெரிந்துதான் அனுமதி கேட்டு அகதிகளுக்கான அலுவலகத்துக்குப் போனோம். அங்கே ஓர் இளம் பெண் அதிகாரி, நல்ல பிள்ளை, தண்ணீர் கொடுத்து உட்கார வைத்தார்.

"உங்க சொந்த விருப்பத்துலதானேம்மா போறீங்க?"

"விருப்பமோ? இல்லை," என்றாள் ஸ்டெல்லா.

அவர் பேனாவைக் கீழே வைத்தார். "அப்ப நான் அனுப்ப முடியாதும்மா. விருப்பமில்லாம யாரையும் திருப்பி அனுப்பக் கூடாது."

"நீங்கள் அனுப்பவேண்டாம். நானாத்தான் போறன்."

"அதைத்தான் கேட்டேன். விருப்பம்தானே?"

"பெத்த பிள்ளையை விட்டிட்டுப் போக யாருக்கம்மா விருப்பம்? அப்பா படுக்கையில கிடக்கிறார். போகவேணும்."

எங்களைக் காப்பாற்ற எழுதிய விதி அது. ஒரு காலத்தில் அகதிகளை ஆடுமாடு போல ஏற்றி அனுப்பியதால் எழுதினார்கள். அதன்மேல் எனக்குக் கோபமில்லை. ஆனால், கட்டாயம் வெளியிலிருந்து மட்டும்தான் வரும் என்று எழுதியவர்கள் நினைத்துவிட்டார்கள்.

நாங்கள் குடியிருந்த குரோம்பேட்டைக்குத் திரும்பும் ரயிலில், "ஒரு சொல்தானே, ஓமென்று சொல்லியிருக்கலாம்," என்றேன்.

"பொய் சொல்லியோ என்ர ஊருக்குப் போறது?" என்றாள்.

அடுத்த முறை சொன்னாள். மேசையைப் பார்த்தபடி, "விருப்பம்," என்றாள். அதிகாரி அவள் முகத்தைப் பார்த்துவிட்டு எழுதினார்.

தகப்பனாரை உயிரோடு பார்த்துவிட்டாள். ஜெனியின் பத்திரம் இன்னும் வரவில்லை. ஞாயிற்றுக்கிழமைகளில் ஜி.எஸ்.டி. ரோட்டில் ஒரு பாய் நடத்தும் ஐ.எஸ்.டி. பூத்துக்கு அவளைக் கூட்டிப் போகிறேன். போன வாரம் ரிசீவரிலிருந்து ஸ்டெல்லாவின் குரல் எனக்கும் கேட்டது.

"எப்ப பிள்ளை வீட்ட வாறாய்?"

"நீ எப்போம்மா வூட்டுக்கு வர?"

பூத்துக்குள் ஓர் ஆள் நிற்கத்தான் இடம். நான் கதவை முதுகால் பிடித்தபடி, ஒரு கால் உள்ளே, ஒரு கால் ரோட்டில் நின்றேன்.