நான்காவது தென்னையும் சாய்ந்தது

எங்கள் அண்ணன் எங்களை விட்டுப் பிரிந்து ஓராண்டு ஆகிறது. போகப் போகச் சரியாகிவிடும் என்று அன்றைக்கு எல்லோரும் சொன்னீர்கள். எனக்கு இன்னும் ஆகவில்லை.

அண்ணன் புவனகிரி பக்கம் வெள்ளாற்றங்கரையில் பிறந்தவர். அப்பா சீக்கிரமே காலமாகிவிட்டதால் படிப்பை நிறுத்திவிட்டு லாரி கிளீனராகப் போனார். பின்னர் அரசுப் பேருந்து ஓட்டுநராகி, தங்கைகள் எங்கள் இருவரையும் கரையேற்றினார். கடலூர்–சிதம்பரம் தடத்தில் ஓட்டி ஓட்டி, எஞ்சின் இரைச்சலில் அவருக்குக் காது மந்தமாகிவிட்டது. என் கணவர் இறந்ததும் சிதம்பரத்தில் தம் வீட்டுக்கே என்னை அழைத்து வந்துவிட்டார்.

பிள்ளைகள் இல்லாத வீடு அது. அண்ணியும் போன பிறகு, அவர் நட்ட நான்கு தென்னைகள்தாம் அண்ணனைக் காலையில் எழுப்பின. காண்டாமிருக வண்டு குருத்தைக் குடைந்தால் மரமேறும் முருகையனை அழைத்துக் கொக்கிக் கம்பியால் குத்தி எடுக்கச் சொல்வார். மட்டை இடுக்குகளில் மணலோடு வேப்பங்கொட்டைத் தூள் போடச் சொல்வார்.

கடைசி மழைக்காலம் முடிந்த சமயம், கிணற்றோர மரத்தின் தண்டில் சிறு ஓட்டைகளைப் பார்த்தார். பழுப்பாகச் சாறு வடிந்து, மென்று துப்பியது போல நார் தள்ளியிருந்தது. சிவப்புக் கூன்வண்டு. அதன் புழு உள்ளிருந்தே மரத்தைத் தின்னும்; குருத்து சாய்ந்துவிட்டால் மரம் பிழைக்காது. அண்ணன் தண்டில் காதை வைத்துப் பார்த்துவிட்டு என்னைக் கூப்பிட்டார்.

"எனக்கு ஒண்ணும் கேக்கல. நீ வச்சிப் பாரு."

வைத்தேன். கறுக் கறுக்கென்று மெல்லும் சத்தம்.

"கேக்குதுண்ணா. நெறைய இருக்கும் போல."

ஓட்டைகளைக் களிமண்ணால் அடைத்தார். மேலே சாய்வாகத் துளையிட்டு, புனல் வைத்து மருந்தை ஊற்றி அதையும் அடைத்தார். சத்தம் நிற்கவில்லை. அடுத்தடுத்து இன்னும் இரண்டு மரங்களிலும் கேட்டது.

பக்கத்து ஓட்டு வீட்டுப் பெண் கைக்குழந்தையோடு வந்து நின்றாள். தென்னையின் கொண்டை முறிந்தால் அவள் வீட்டின் மேல்தான் விழும். "கொழந்தைய வச்சிக்கிட்டுத் தூங்கவே பயமா இருக்கு மாமா" என்றாள். அண்ணன் அவளோடு வாதாடவில்லை. முருகையனுக்குச் சொல்லி அனுப்பி மூன்றையும் வெட்டச் சொன்னார்.

வெட்டிய தண்டுக்குள் புளித்த நாற்றம். கட்டைவிரல் பருமனில் புழுக்கள். அண்ணன் உட்கார்ந்து ஒவ்வொன்றாகப் பொறுக்கி மண்ணெண்ணெய் வாளியில் போட்டார். "ஓலகூட பழுக்கலியே, பாக்க நல்லாத்தானே இருந்துது" என்று சொல்லிக்கொண்டே இருந்தார். அப்புறம் தெருவில் தென்னை இருந்த வீடுகளுக்கெல்லாம் போய், தண்டைப் பார்க்கச் சொன்னார். பார்க்கிறோம் என்றார்கள்.

அதன் பின் அவருக்குச் சாப்பாடு இறங்கவில்லை. சர்க்கரை மாத்திரையை நான் கொடுத்தால்தான் உண்டு. காலில் வந்த புண் பெரிதாகி, கடலூரில் ஆஸ்பத்திரியில் சேர்த்தோம். டாக்டர்கள் செய்யாதது ஒன்றுமில்லை. மாற்றுத்துணி எடுக்க நான் வீட்டுக்கு வந்து திரும்பிய அன்று, நான்காவது மரத்தின் குருத்து எப்படியிருக்கிறது என்று கேட்டார். என்னிடம் பொய்யை அவர் பொறுத்ததே கிடையாது.

"சாஞ்சிடுச்சிண்ணா."

சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டார். அதற்குப் பிறகு எங்கள் யாரிடமும் பேசவில்லை. இரண்டு நாளில் போய்விட்டார்.

ஆஸ்பத்திரியில் முகம் சுளிக்காமல் புண் துடைத்த செவிலியருக்கும், தோள் கொடுத்த அண்ணனின் பணிமனை நண்பர்களுக்கும், பதினாறு நாளும் எங்களுக்குச் சமைத்து அனுப்பிய பக்கத்து வீட்டுப் பெண்ணுக்கும், அந்தக் கடைசி மரத்தைக் கூலி வாங்காமல் வெட்டிக் கொடுத்த முருகையனுக்கும் எங்கள் குடும்பம் கடன்பட்டிருக்கிறது.

இன்று உங்களுக்குப் பரிமாறும் சமையலுக்குத் தேங்காய் கடையில் வாங்கியது. அண்ணன் வீட்டு விசேஷத்தில் இதுவே முதல் முறை. வந்தவர்கள் பொறுத்துக்கொள்ள வேண்டும்.

— தங்கை