முழங்கையை இறக்கிய நாள்

நான் படம் எடுக்கப் பழகியது செல்போனில்தான். விருத்தாசலத்தில் ஒரு பீங்கான் யூனிட்டில் பொம்மைகளுக்கு வண்ணம் தீட்டிக்கொண்டிருந்தேன். வெளியூர் கடைக்காரர்களுக்கு வாட்ஸ்அப்பில் அனுப்பப் பொம்மைகளைப் படம் எடுக்கச் சொன்னார் முதலாளி. மற்றவர்கள் எடுத்தது கலங்கலாக வந்தது, நான் எடுத்தது தெளிவாக வந்தது. அதிலிருந்து அந்த வேலையும் என்னுடையதாகிவிட்டது. செல்போன் நின்ற வாக்கில் இருக்கும், பொம்மையும் நின்ற வாக்கில் இருக்கும். அதனால் ஒரு சிரமமும் இல்லை.

சிரமம் கேமராவில் வந்தது. என் கணவர் கல்யாணங்களுக்கு வீடியோ எடுப்பவர். போட்டோவுக்கு வெளி ஆள் தேடுவதைவிட நீயே வந்துவிடேன் என்று அழைத்தார். யூனிட்டை விட்டு அவரோடு சேர்ந்தேன். கேமரா படுத்த வாக்கில் இருப்பது. ஆளை முழுசாக, உயரமாக எடுக்க வேண்டுமென்றால் அதைத் திருப்பித் தூக்க வேண்டும். எங்கள் ஊர் மண்டபங்களில் பார்த்த போட்டோக்காரர்கள் எல்லோரும் ஒரே மாதிரிதான் செய்தார்கள். பட்டன் இருக்கும் பக்கம் மேலே போகும். அதைப் பிடித்திருக்கும் வலது கை நெற்றிக்கு மேலே ஏறும். முழங்கை வெளியே நீட்டிக்கொண்டு நிற்கும். நானும் அப்படியே பிடித்தேன்.

எனக்கு இடது கண்ணால் பார்த்துத்தான் பழக்கம். வலது கண்ணை வைத்துப் பார்த்தால் எதுவும் பிடிபடாது. கேமராவை அப்படித் திருப்பி இடது கண்ணை வைத்தால் அதன் முதுகு முழுக்க என் மூக்கின் மேல் உட்கார்ந்துவிடும். ஒவ்வொரு படத்துக்குப் பிறகும் திரையில் என் பவுடரையும் வியர்வையையும் முந்தானையால் துடைப்பேன். போட்டோ வேலை என்றால் இப்படித்தான் இருக்கும் போல என்று நினைத்துக்கொண்டேன். நாலைந்து வருடம் அப்படியே ஓடியது.

போன வருடம் ஊரிலேயே ஒரு நிக்காஹ். மாப்பிள்ளை துபாயிலிருந்து பதினைந்து நாள் லீவில் வந்திருந்தார். பெண்கள் பக்கத்துக்குப் பெண் போட்டோக்காரர்தான் வேண்டும் என்று கேட்டு என்னை அழைத்திருந்தார்கள். ஆண்கள் பக்கம் என் கணவர். மணப்பெண் இருந்தது மண்டபத்தின் பின்னறையில். பத்துப் பேர் உட்காரும் அறையில் நாற்பது பேர் இருந்தார்கள். பெண் காலையிலிருந்தே இறுகிய முகத்தோடு உட்கார்ந்திருந்தாள். "கொஞ்சம் சிரிம்மா" என்று நானும் சொல்லிப் பார்த்துவிட்டேன். உதடு மட்டும் விரிந்தது.

நிக்காஹ் முடிந்து, தாலி மாதிரியான கருகமணியைக் கட்ட மாப்பிள்ளையின் அக்கா வந்தார். பெண் உட்கார்ந்திருக்க, அவர் பின்னால் நின்று கட்ட வேண்டும். நின்ற வாக்கில் எடுக்க வேண்டிய படம். கேமராவைத் திருப்பி வலது கையைத் தூக்கினேன். முழங்கை எதன் மீதோ இடித்தது. ரோஸ்மில்க் தட்டோடு என்னை ஒட்டி முன்னால் போய்க்கொண்டிருந்த பெண், "அய்யய்யோ!" என்றாள். இரண்டு டம்ளர் சாய்ந்து, மாப்பிள்ளையின் அக்கா கட்டியிருந்த சந்தன நிறப் பட்டுச் சேலையில் ரோஸ் நிறம் வழிந்தது.

எல்லோரும் ஒரே நேரத்தில் பேசினார்கள். தண்ணீர் வந்தது, துண்டு வந்தது. "மன்னிச்சுக்கங்க, நான் பாக்கல" என்று திரும்பத் திரும்பச் சொன்னேன். பெண்ணின் பெரியம்மா, "ஏம்மா, கைய கொஞ்சம் மடக்கி வச்சுக்கம்மா. அடுத்து யாரு மூஞ்சியில இடிக்கப் போவுதோ" என்றார்.

சேலை நனைந்தவர்தான் நிதானமாக இருந்தார். முந்தானையை இழுத்துக் கறைக்கு மேல் போட்டு ஊக்கு குத்திக்கொண்டார். "சேல துவைச்சா போயிடுங்க. படத்துல தெரியாம எடுத்துக் குடுங்க, போதும்" என்றார். கருகமணியை மறுபடி கையில் எடுத்தார்.

நான் கையைத் தூக்கப் பயந்தேன். ஆனால் படம் நின்ற வாக்கில்தான் வேண்டும். கேமராவை எதிர்ப்பக்கம் திருப்பினேன். பட்டன் இருக்கும் பக்கம் கீழே வந்தது. வலது முழங்கையை விலாவோடு ஒட்டிக்கொண்டேன். இடது கை லென்ஸைத் தாங்கியது. கண்ணை வைத்தபோதுதான் கவனித்தேன், மூக்கில் எதுவும் இடிக்கவில்லை. கேமரா என் இடது பக்கமாக ஒதுங்கிவிட்டது. வலது கண்ணும் கன்னமும் வாயும் வெளியே இருந்தன.

மணப்பெண் என்னை உற்றுப் பார்த்தாள். சட்டென்று சிரித்துவிட்டாள்.

"அக்கா, இப்பத்தான் உங்க மூஞ்சியே தெரியுது. இவ்ளோ நேரம் ஒரு பொட்டியப் பாத்து சிரிக்கச் சொன்னா எப்படி சிரிக்கறது?"

எனக்கும் சிரிப்பு வந்தது. நான் சிரிப்பதைப் பார்த்து அவள் இன்னும் சிரித்தாள். பின்னால் நின்றவரும் சேர்ந்துகொண்டார். அந்த நேரத்தில் விரல் தானாக அழுத்தியது. அன்றைக்கு எடுத்ததில் அவர்கள் பெரிதாக்கிச் சுவரில் மாட்டிக்கொண்டது அந்தப் படத்தைத்தான்.

மதியம் பிரியாணிக்கு உட்கார்ந்தபோது புதிதாகப் பிடிக்கும் விதத்தைக் கணவரிடம் காட்டினேன். "என்னா இது, கேமராவ தலகீழா புடிக்கற?" என்று கேட்டார். வாங்கி அவரும் பிடித்துப் பார்த்தார். அவருக்கு வலது கண்ணால் பார்த்துத்தான் பழக்கம். மூக்கு நசுங்கியதும் கேமராவைத் திருப்பிக் கொடுத்துவிட்டார். "உனக்கு சரியா இருக்குதுன்னா அப்படியே எடு. எனக்குப் பழசுதான்" என்றார். விஷயம் அவ்வளவுதான் என்று அப்போதுதான் புரிந்தது. வலது கண்காரர்களுக்குக் கை மேலே போனால் முகம் வெளியே தெரியும். எனக்குக் கை கீழே வந்தால் தெரியும். இத்தனை வருடம் அடுத்தவர் கண்ணுக்கு ஏற்ற மாதிரி பிடித்துக்கொண்டிருந்திருக்கிறேன்.

பழக ஒரு வாரம் ஆனது. மணிக்கட்டு மடங்கிய நிலையில் விரல் பட்டனைத் தேடித் தடுமாறும், படம் சாய்ந்து வரும். கொடியில் காயும் துணிகளையும் எதிர் வீட்டு ஆட்டையும் நின்ற வாக்கில் எடுத்து எடுத்துப் பழகினேன்.

பிறகு நல்லூரில் ஒரு கல்யாணத்தில் மாப்பிள்ளை வீட்டுப் போட்டோக்காரர் என்னிடம் மெதுவாக, "அக்கா, கேமராவ மாத்திப் புடிச்சிருக்கீங்க" என்றார். "எனக்கு இதாங்க சரி" என்றேன். அவர் தன் வேலையைப் பார்க்கப் போய்விட்டார்.

இந்த மாதம் ஸ்ரீமுஷ்ணத்தில் ஒரு முகூர்த்தம். மேடை குறுகல். கணவர் என் வலது பக்கம் ஒட்டி நின்று வீடியோ எடுத்தார், ஒருவர் கை ஒருவர் மேல் படவில்லை. பெண்ணின் அப்பா தாரை வார்க்கும்போது கண் கலங்கினார். நான் பார்ப்பது தெரிந்ததும் கூச்சத்தோடு என்னைப் பார்த்துத் தலையாட்டினார். நானும் கேமராவுக்குப் பக்கத்திலிருந்து தலையாட்டிவிட்டு எடுத்தேன்.